சூப்பர் மார்க்கெட் எரிச்சல்: சண்டை தப்பான ஆளோடு

முன்னால் நிற்பவர், எல்லாப் பொருளுக்கும் பில் போட்டு முடித்துத் தொகையையும் சொன்ன பிறகுதான், பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாருமே தன்னிடம் சொல்லாதது மாதிரி கைப்பையைத் திறந்து கார்டைத் தேட ஆரம்பிப்பார். ரேக்குகளுக்கு நடுவே தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். 'பத்துப் பொருள் வரை மட்டும்' என்று போர்டு மாட்டிய கவுன்டரில் ஒருத்தர் பதினாலு பொருளோடு நிற்பார், பின்னால் நிற்கிற நாம் வேலை மெனக்கெட்டு அதை எண்ணிக்கொண்டிருப்போம். பன்னிரண்டு கவுன்டர் கட்டி வைத்திருப்பார்கள், மூன்றில்தான் ஆள் இருக்கும். அப்புறம் நாமே பில் போட்டுக்கொள்ளும் அந்த இயந்திரம், வைத்த பொருளை வைக்கவே இல்லை என்று சாதிக்கிற இயந்திரம்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெரும்பாலும் சக வாடிக்கையாளர், அவரை விட்டால் கேஷியர். கடை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த வேலையை யார் தலையில் வைத்திருக்கிறது என்ற பேச்சு வருவதேயில்லை. என் கட்சி வேறு. சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடை செய்த வேலைகளை ஒவ்வொன்றாக வாடிக்கையாளர் கைக்கு மாற்றியதுதான் சூப்பர் மார்க்கெட்டின் வரலாறு. நாம் எரிச்சலடைகிற இடங்களைத் தோண்டினால், அநேகமாக அப்படிக் கைமாறிய ஒரு வேலை அடியில் கிடக்கும். மாற்றியதே தப்பு என்று சொல்ல வரவில்லை, அதில் நமக்கும் லாபம் உண்டு. சண்டை மட்டும் தப்பான ஆளோடு நடந்துகொண்டிருக்கிறது.

1916க்கு முன்னால் மளிகை வாங்குவது என்றால் ஒரு நீள மேஜைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கடைச் சிப்பந்தி. நாம் சொல்லச் சொல்ல அவர் எடுப்பார், எடை போடுவார், பொட்டலம் கட்டுவார், கணக்கு எழுதுவார். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916 செப்டம்பரில் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தபோது அந்த மேஜையைத் தூக்கிவிட்டார். உள்ளே நுழைய ஒரு சுழல் கதவு, அங்கிருந்து எல்லா அலமாரிகளையும் தொட்டுக்கொண்டு வளைந்து வளைந்து போகிற ஒற்றைப் பாதை, அதன் முடிவில் பணம் வாங்கும் இடம். குறுக்கே புகுந்து போக வழியில்லை. இந்த அமைப்புக்கு அவர் 1917இல் காப்புரிமையே வாங்கினார். எடுப்பதும் சுமப்பதும் அன்றைக்கு நம் வேலையாயிற்று. பதிலுக்கு விலை குறைந்தது. 'அதைக் காட்டுங்க, வேண்டாம், இதைக் காட்டுங்க' என்று சிப்பந்தியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டிய கூச்சமும் போனது. நல்ல பேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் எல்லோரும் ஒரே வாசலில் வந்து குவிய வேண்டும் என்பதும் அதே வரைபடத்தில் வந்த விஷயம். இன்றைக்கு நாம் நிற்கிற கியூ அன்றைக்கே போடப்பட்டுவிட்டது.

1930இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் என்பவர் கிங் கல்லன் கடையைத் திறந்தார். இடம் பெரிசு, லாபம் ஒரு பொருளுக்குக் குறைவு, விற்பனை அளவில் அதிகம் என்ற கணக்கு. இதில் ஒரு சிக்கல் இருந்தது. கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் கை வலித்ததும் வாங்குவதை நிறுத்திவிடுகிறார், ஆக பில் தொகையைத் தீர்மானித்தது தேவையைவிடக் கையின் பலம். ஓக்லஹோமா நகரத்தில் கடைகள் வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன், மடக்கு நாற்காலியைப் பார்த்து யோசித்து 1937இல் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். முதலில் யாரும் தொடவில்லை. ஆண்களுக்கு ஒரு கூடையைத் தூக்க முடியாதவனா நான் என்ற ரோஷம், பெண்களுக்குக் குழந்தை வண்டி தள்ளியதே போதும் என்ற அலுப்பு. கடைசியில் கோல்ட்மேன் பல வயதில் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, வாங்குகிறவர்கள் மாதிரி கடைக்குள் வண்டி தள்ள வைத்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பழகினார்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகி நிறுத்தும் வண்டி 1946இல் ஓர்லா வாட்சன் என்பவர் செய்தது.

வண்டி வந்ததோடு அதன் எரிச்சல்களும் வந்தன. ஒரு பக்கமாகவே இழுக்கிற, கடகடவென்று ஆடுகிற சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் தன் அச்சில் சுழன்று, நாம் தள்ளுகிற திசைக்குத் தானாகத் திரும்பும்படி செய்யப்பட்டது. அந்த அச்சில் தலைமுடியும் நூலும் பிளாஸ்டிக் நாடாவும் சிக்கினாலோ, தேய்ந்து தொளதொளத்தாலோ ஆட்டம் ஆரம்பிக்கும். சரி, ஆயிரம் வண்டி இருந்தால் நாலு பழுதாகத்தான் இருக்கும், ஆனால் அது ஏன் எப்போதும் நம்மிடமே வருகிறது? ராசி இல்லை, அடுக்கும் முறைதான். செருகி நிறுத்திய வரிசையில் கடைசியாக வைத்ததைத்தான் அடுத்தவர் முதலில் உருவ முடியும். ஒருவர் ஆடுகிற வண்டியை எடுத்து, நாலு அடி தள்ளிப் பார்த்து, 'சே' என்று திரும்ப அங்கேயே செருகிவிட்டு வேறு வரிசையில் ஒன்றை உருவிக்கொண்டு போகிறார். பழுதான வண்டி இப்போது வரிசையின் முகப்பில் நமக்காகக் காத்திருக்கிறது. நல்ல வண்டி கடைக்குள் சுற்றும், கெட்ட வண்டி வாசலில் நிற்கும். அதைப் பார்த்து ஒதுக்கி வைக்கக் கடையில் ஆள் இருந்தால் ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் கைமாறிய வேலைதான். காசு போட்டால் பூட்டு விடுபடுகிற வண்டிகள் பல நாடுகளில் இருக்கின்றன, திருப்பிப் பூட்டினால் காசு கிடைக்கும். வண்டி பொறுக்கும் ஆளுக்குச் சம்பளம் மிச்சம். வண்டியைத் திருப்பி விடாதவனைப் பண்பில்லாதவன் என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தின் நடுவில் விட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டுதான். ஆனாலும் கைக்குழந்தையோடு வந்தவர் அதற்காக இன்னொரு முறை அந்த நீளத்துக்கு நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரேக்குகளுக்கு இடையே நடக்கிற தொல்லைகளில் முதல் இடம், பொருள்களை இடம் மாற்றி வைப்பதற்குத்தான். அடிக்கடி வாங்குகிற பாலைக் கடையின் கடைசி மூலையில் வைப்பது நம்மை நடக்க வைக்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு, பால் வரும் வண்டி பின்வாசலில் நிற்கிறது, குளிர்பதன அறை பின்சுவரில் இருக்கிறது, பின்னாலிருந்தே நிரப்பிவிடலாம் என்ற சாதாரணக் காரணமும் உண்டு. இரண்டும் உண்மை. கண் மட்டத்தில் எது, காலடியில் எது என்பதற்கு அலமாரி வாரியாக வரைபடம் உண்டு, நல்ல இடத்துக்காகத் தயாரிப்பாளர்கள் கடைக்குப் பணம் கட்டும் வழக்கமும் பல சங்கிலிக் கடைகளில் உண்டு. ஆக, வழக்கமாக வாங்குகிற சாமான் இடம் மாறியிருந்தால் புது ஒப்பந்தம் வந்திருக்கலாம், புதுப் பொருளுக்கு இடம் வேண்டியிருக்கலாம், அல்லது பழகிய பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போகிற நம்மை நாலு அலமாரி தேட வைத்தால் கூட ரெண்டு பொருள் விற்கும் என்ற நினைப்பாகவும் இருக்கலாம். குறுக்கே வண்டியை விட்டுவிட்டு நிற்கிற அந்த நபர் சில நேரம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

விலை ஒப்பிடுவதும் நம் தலையில்தான். பாக்கெட்டின் விலை பெரிய எழுத்தில், ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்பது எறும்பு எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் கொண்டுவந்த விதிப்படி அந்த அலகு விலையைக் காட்டியே ஆக வேண்டும், எத்தனை பேர் குனிந்து படிக்கிறார்கள் என்பது வேறு. விலையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே அளவை மட்டும் குறைக்கிற தந்திரத்தைக் கண்டுபிடிக்க இந்த எண் ஒன்றுதான் நம்மிடம் இருக்கிற ஆயுதம். பிரான்ஸில் 2024 ஜூலை முதல், அப்படி அளவு குறைந்து அலகு விலை ஏறிய பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் இரண்டு மாதத்துக்கு அறிவிப்பு வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதுவரை பழைய பாக்கெட்டின் எடையை நினைவில் வைத்திருக்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பாக இருந்தது, மற்ற பல நாடுகளில் இன்னும் அப்படித்தான்.

அடுத்தது பார்கோடு. 1974 ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் கோடுகளை ஸ்கேனர் முதன்முதலாகப் படித்தது. அதற்கு முன் ஒவ்வொரு பொருளிலும் விலைச் சீட்டு ஒட்டியிருக்கும், கேஷியர் அதைப் பார்த்து விலையைத் தட்டுவார். பார்கோடில் விலை கிடையாது, பொருளின் எண் மட்டும்தான், விலை கடையின் கணினியில் இருக்கும். சீட்டு ஒட்டுகிற வேலை மிச்சம் என்று கடைகள் மகிழ்ந்தன. விலையே தெரியாமல் வாங்க வேண்டுமா என்று நுகர்வோர் அமைப்புகள் அன்றைக்கே சண்டை போட்டன, ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டியாக வேண்டும் என்று சில அமெரிக்க மாநிலங்கள் சட்டமும் போட்டன. மிஷிகனில் அந்தச் சட்டம் 2011 வரை உயிரோடு இருந்தது.

அவர்கள் பயந்தது வீணில்லை. அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்ற சண்டை இன்றைக்கும் நடக்கிறதே, அது பிறந்தது இங்கேதான். கணினியில் விலையை ஒரே நொடியில் மாற்றிவிடலாம். அலமாரியில் இருக்கும் காகிதச் சீட்டை ஒரு மனிதர் ஏணி போட்டு, வரிசை வரிசையாக நடந்து மாற்ற வேண்டும். ஆஃபர் நேற்று இரவு முடிந்தது, சீட்டு இன்று மதியம் வரை தொங்குகிறது. வாங்குகிறவர் பில் திரையில் பார்த்து 'அங்கே வேற விலை போட்டிருந்ததே' என்கிறார். கேஷியருக்கு விலையை மாற்ற அதிகாரம் இல்லை, மேற்பார்வையாளரைக் கூப்பிடுகிறார், மேற்பார்வையாளர் கடையின் அந்தக் கோடியிலிருந்து வருகிறார், ஒருவர் சீட்டைப் பார்த்து வர ஓடுகிறார். பின்னால் ஆறு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு யாரை முறைக்கிறார்கள்? விலை கேட்டவரை. 'நாலு காசுக்காக இப்படி' என்று முனகல் வேறு. சீட்டு மாற்ற ஆள் வைக்காத கடையின் பிழையைக் காசில்லாமல் தணிக்கை செய்து கொடுத்தவர் அவர், வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவரே.

இப்போது கியூவுக்கு வருவோம். இதில் நம் உள்ளுணர்வு சொல்வது அநேகமாகத் தப்பு என்பதுதான் வேடிக்கை. டான் மேயர் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் ஒரு கடையின் தரவை வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் சுமார் 3 விநாடி, பொருள் எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஆள் தனியாக 41 விநாடி. அந்த 41 விநாடியில் வணக்கம், கார்டு, ரகசிய எண், பில், பையை எடுத்துக்கொண்டு நகர்வது எல்லாம் அடக்கம். இதை வைத்துப் பாருங்கள். ஒரு வரிசையில் வண்டி வழிய அறுபது பொருளோடு ஒரே ஒருவர் நிற்கிறார், அவருக்கு 221 விநாடி. பக்கத்து வரிசையில் ஆளுக்கு எட்டுப் பொருளோடு நாலு பேர், 260 விநாடி. பொருள் கணக்கில் இரண்டாவது வரிசை கிட்டத்தட்ட பாதி, நேரத்தில் அதுதான் நீளம். நாம் வண்டியைப் பார்த்துப் பயப்படுகிறோம், தலைகளை எண்ணியிருக்க வேண்டும். பத்துப் பொருள் கவுன்டருக்கும் இதே விதி, அங்கே நிற்பவர்களின் நேரத்தில் பாதிக்கு மேல் அந்த 41 விநாடிக்கே போகிறது. பதினாலு பொருளோடு வந்து நம்மை எண்ண வைத்தாரே, அவர் கூடுதலாகக் கொண்டுவந்த நாலு பொருளுக்கு ஆனது 12 விநாடி. விதியை மீறினார் என்ற கோபம் நியாயம், நேரத்தைத் திருடினார் என்ற கோபத்துக்குக் கணக்கு உதவாது.

பக்கத்து வரிசைதான் எப்போதும் வேகமாக நகர்கிறது என்ற புலம்பலுக்கும் கணக்கு இருக்கிறது. மூன்று வரிசைகள் ஏறக்குறைய சமமாக இருந்தால் நம்முடையது முதலில் முடிய வாய்ப்பு மூன்றில் ஒன்று. மூன்றுக்கு இரண்டு முறை ஏதோ ஒரு பக்கத்து வரிசை நம்மை முந்தியே தீரும். கவுன்டர் கவுன்டராக நிற்காமல் எல்லோரும் ஒரே நீள வரிசையில் நின்று, காலியாகிற கவுன்டருக்கு அடுத்தவர் போவது என்று வைத்தால் இந்தத் தொல்லை ஒழியும். ஒரு கவுன்டரில் தகராறு வந்தாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், பின்னால் வந்தவர் முன்னால் போக முடியாது. விமான நிலையத்திலும் வங்கியிலும் இப்படித்தான். சூப்பர் மார்க்கெட்டில் பெரிய வண்டிகளை வைத்துக்கொண்டு அந்த ஒற்றை வரிசைக்கு இடம் போதாது, பார்க்கவும் மலைப்பாக இருக்கும், நீளத்தைப் பார்த்தே ஆட்கள் திரும்பிப் போவார்கள் என்ற பயம் கடைக்கு. காத்திருப்பின் மனநிலை பற்றி 1985இல் டேவிட் மைஸ்டர் எழுதிய கட்டுரையில் சொன்ன விஷயங்களில் ஒன்று, நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும் என்பது. புதுக் கவுன்டர் திறந்ததும் வரிசையின் வாலில் நின்றவர் பாய்ந்து போய் முதல் ஆளாக நிற்கிறாரே, அப்போது வருகிற கொதிப்பு இந்த வகை. 'அடுத்து இருக்கிறவங்க இங்கே வாங்க' என்று கேஷியர் ஒருவரைப் பார்த்துக் கூப்பிட்டால் தீர்ந்துபோகிற விஷயம் அது.

சரி, பன்னிரண்டில் மூன்று கவுன்டர் மட்டும் ஏன்? கவுன்டர் கட்டியது வருஷத்தின் மிக நெரிசலான நாட்களுக்கு, ஆள் வைப்பது சாதாரண நாளின் சராசரிக்கு. சராசரியில்தான் வில்லங்கம். வரிசைகளின் கணிதத்தை 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்பகத்துக்காக ஏ.கே. எர்லாங் என்ற கணித அறிஞர் தொடங்கிவைத்தார், அந்த வழியில் வந்த எளிய சூத்திரம் ஒன்றைப் பாருங்கள். ஒரே கவுன்டர், ஆட்கள் தோன்றிய நேரத்துக்கு வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகிற நேரமும் கண்டபடி மாறுகிறது, சராசரி 2 நிமிடம். கேஷியர் தன் நேரத்தில் பாதிதான் வேலையாக இருக்கிறார் என்றால் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம். 80 சதவீதம் வேலையாக இருந்தால் 8 நிமிடம், 90 என்றால் 18, 95 என்றால் 38. கேஷியர் சும்மா உட்காரக்கூடாது என்று நிர்வாகம் கடைசிச் சொட்டு வரை பிழிகிறபோது, அந்த மிச்சம் நம் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. நம் நேரம் கடையின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் செலவாக வராது. நிற்கிற நேரத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் மிட்டாய் வேறு. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை ஓரளவு பெரிய கடைகள் பில் போடும் இடத்தில் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. குழந்தையை அழ வைத்து வாங்க வைக்கிற ஏற்பாடு என்று பெற்றோர்களுக்கு எப்போதோ தெரியும்.

நம் முறை வந்ததும் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெல்ட்டில் பொருளை எடுத்து வைக்க வேண்டும், அடுத்தவர் பொருளோடு கலக்காமல் நடுவில் கட்டை வைக்க வேண்டும், திரையில் விலை சரியா பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பையில் அடுக்க வேண்டும், கனமானது அடியில் உடையக்கூடியது மேலே, இதற்கு நடுவில் உறுப்பினர் அட்டை இருக்கிறதா, போன் நம்பர் சொல்லுங்க, பை வேணுமா என்ற கேள்விகள். கை இரண்டுதான். முன்பு மூன்று பேர் செய்த வேலையை ஒருவர், அதுவும் பழக்கமில்லாதவர், ஆறு பேர் முறைத்துப் பார்க்கச் செய்கிறார். தொகை சொன்ன பிறகு அவர் கார்டைத் தேடுவதற்குக் காரணம், அதுவரை அவர் கை பையில் தக்காளியைத் திணித்துக்கொண்டிருந்தது. பொருள் வந்து விழும் மேடையை ஒரு ஆடும் தடுப்பால் இரண்டாகப் பிரித்து வைத்த கடைகளில் இந்தப் பதற்றம் பாதி குறையும், முந்தையவர் ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டிருக்க அடுத்தவர் பொருள் மறுபக்கம் போகும். சின்ன மரக்கட்டை சமாச்சாரம். அது இல்லாத கடையில், அடுக்கி முடிக்காதவரின் முதுகை நாம் கண்ணால் தள்ளுகிறோம்.

கேஷியர் மேல் கோபப்படுகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளலாம். பல கடைகளில் நிமிடத்துக்கு எத்தனை பொருள் ஸ்கேன் செய்தார் என்று கணினி அவரை அளந்துகொண்டிருக்கிறது. பொருளை விசிறியடிக்கிற மாதிரி தள்ளுவது அவர் குணமில்லை, இலக்கு. ஐரோப்பாவின் பல நாடுகளில் உட்கார்ந்து பில் போடுகிறார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்ற விதியை எப்படிப் படிப்பது என்று 2016இல் கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. ஒரு நாற்காலிக்காக! வேகத்துக்கு நேரெதிராக, நெதர்லாந்தின் யும்போ சங்கிலிக் கடை 2019இல் அவசரமில்லாதவர்களுக்கு என்றே ஒரு கவுன்டரை விளைமன் என்ற ஊரில் தொடங்கியது. தனிமையில் வாழ்கிற முதியவர்கள் கேஷியரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம், பின்னால் யாரும் உச்சுக்கொட்ட மாட்டார்கள். பிறகு அதைப் பல கிளைகளுக்கு விரித்தார்கள். நமக்கு முன்னால் நின்று கேஷியரிடம் பேரன் கதை சொல்கிறவருக்கும் அவசரக்காரர்களான நமக்கும் ஒரே வரிசை போதும் என்று யார் முடிவு செய்தது?

கடைசியாகக் கைமாறியது பில் போடும் வேலையே. தானே ஸ்கேன் செய்துகொள்ளும் இயந்திரத்தை 1980களின் நடுவில் அமெரிக்காவில் டேவிட் ஹம்பிள் என்பவர் கொண்டுவந்தார், கடைகளில் பரவலானது ரொம்பப் பிறகு. அது ஏன் நம்மை நம்பவே மாட்டேன் என்கிறது? பொருளை வைக்கும் மேடைக்கு அடியில் ஒரு தராசு. ஒவ்வொரு பார்கோடுக்கும் எதிரே எடை பதிந்து வைத்திருக்கிறது, ஸ்கேன் செய்ததும் மேடையில் அவ்வளவு எடை கூடியிருக்க வேண்டும். வாழ்த்து அட்டை மாதிரி மெல்லிசானதை வைத்தால் தராசுக்குத் தெரியாது, வைக்கவில்லை என்று சொல்லும். சொந்தப் பையை வைத்தால் தெரியாத எடை. குழந்தை மேடையில் கை ஊன்றினால் திருட்டு. தயாரிப்பாளர் பாக்கெட்டை மாற்றி எடை சில கிராம் மாறியிருந்தால், பதிவைப் புதுப்பிக்கும் வரை வருகிறவர் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். பார்கோடு இல்லாத பழம், காய்கறி வந்தால் இன்னும் மோசம். அதற்கெல்லாம் 1990 முதல் நாலு இலக்க எண்கள் இருக்கின்றன, அனுபவமுள்ள கேஷியர் மனப்பாடமாகத் தட்டிவிட்டுப் போவார். நாம் படம் படமாகத் தேடுகிறோம். ஆறு இயந்திரத்துக்கு ஓர் உதவியாளர், ஆறிலும் சிவப்பு விளக்கு, அவர் யாரிடம் முதலில் ஓடுவார்? நாம் மெதுவாகச் செய்கிறோம் என்று பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுகிறார், பயிற்சியும் கிடையாது கூலியும் கிடையாது என்பதை அவரும் மறந்துவிடுகிறார், அடுத்த நிமிடம் அந்த இடத்தில் அவர்தான் நிற்கப் போகிறார்.

கடைகளுக்கும் இது எதிர்பார்த்த அளவு லாபமாக இல்லை, ஸ்கேன் ஆகாமல் போகிற பொருள்கள் கூடின, தெரிந்து செய்ததும் தெரியாமல் விட்டதும் சேர்த்து. அதைத் தடுக்கக் கேமரா, வாசலில் தடுப்புக் கதவு என்று செலவு ஏறியது. இங்கிலாந்தின் வடபகுதியில் 28 கடைகள் வைத்திருந்த பூத்ஸ் நிறுவனம், இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த இயந்திரங்களை எடுத்துவிடுவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. கேமராவும் சென்சாரும் கணக்குப் பார்த்துக்கொள்ளும், கவுன்டரில் பில்லே போடாமல் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம் என்று 2018இல் சியாட்டிலில் தொடங்கிய அமேசானும், தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அந்தத் தொழில்நுட்பத்தை எடுப்பதாக 2024இல் சொல்லிவிட்டது. இயந்திரம் முழுசாகப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கையில் மூன்று பொருளோடு வருகிறவருக்கு அது உண்மையிலேயே வசதி, எனக்கும் அது பிடிக்கும். வண்டி நிறையச் சாமானோடு வருகிறவரை வேறு கவுன்டர் திறக்காமல் அங்கே விரட்டுவதுதான் பிடிக்காதது.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தால் பில். வெப்பத்தில் கறுக்கிற தாளில் அடிப்பதால் நாலு வெயில் பட்டால் வெள்ளைத் தாளாகிவிடும், பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள். அந்தத் தாளில் பூசிய பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் எடையில் 0.02 சதவீதம் என்று வரம்பு போட்டது. பிரான்ஸ் ஒரு படி மேலே போய், 2023 ஆகஸ்ட் முதல் வாடிக்கையாளர் கேட்டால் தவிர பில்லைத் தானாக அச்சடிக்கக்கூடாது என்றது. தாள் மிச்சமாகும், நல்லது. ஆனால் தானே பில் போட்டுக்கொள்ளும் பகுதியிலிருந்து வெளியேறப் பில்லில் இருக்கும் பார்கோடைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்று வைத்திருக்கிற கடையில் பில் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், கதவுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான், உதவியாளர் ஆறு சிவப்பு விளக்கையும் பார்த்து முடித்துவிட்டு வரும் வரை.